எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது பாதிக் கணக்குதான்

ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை, பழனி என்றால் தண்டாயுதபாணி, கொடைக்கானல் என்றால் சீசன். திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியை வெளியூர்க்காரர்கள் இந்த மூன்றை வைத்துத்தான் அறிவார்கள். புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு இந்த மாவட்டம் பழக்கமானது வேறு வழியில். 2007 ஆகஸ்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வறிக்கைதான் காரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அதன் பிறகு திண்டுக்கல்லின் பெயரும் சேர்ந்தே வருகிறது. உள்ளூரில் அதை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகம்தான்.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையம்தான் அந்த ஆய்வின் களம். பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமை ஏற்றார். அம்பிளிக்கையில் டாக்டர் ஆர்.ராஜ்குமார் களப்பணியில் முன்னின்றார். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தினரும் பங்குபெற்றார்கள். மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை பரிசோதனை. மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி எதுவோ அது மட்டும். 2000-ல் தொடங்கி 2006 முடிய, எங்கே எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய செல்கள் இருக்கும் இடம் அப்போது வெளுத்துக் காட்டும். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸுகள். சந்தேகம் வந்தால் கால்போஸ்கோப் என்ற கருவி. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் இந்தக் கருவி 1925 வாக்கில் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மான் உருவாக்கியது. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று இன்று நாம் அடுக்கும் நோய்காட்டும் படங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. மின்சாரச் செலவு குறைந்த, ஆர்ப்பாட்டம் இல்லாத ஒன்று.

இனி எண்கள். பரிசோதனைத் தொகுதிகளில் தகுதியுள்ள பெண்கள் 49,311 பேர். வந்து பார்த்துக்கொண்டவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். அவர்களில் 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. ஒப்பீட்டுத் தொகுதிகளில் 30,958 பெண்கள். ஏழு ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 167 பேருக்குப் புற்றுநோய், 83 பேர் மரணம்; இரண்டாம் பிரிவில் 158 பேருக்குப் புற்றுநோய், 92 பேர் மரணம். மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தோன்றும். ஆனால் முதல் பிரிவு அளவில் மிகப் பெரியது. ஒரு லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால் எத்தனை மரணம் என்று வகுத்துப் பார்த்தால், பரிசோதனை நடந்த ஊர்களில் சுமார் 30, நடக்காத ஊர்களில் சுமார் 51. முறையான புள்ளியியல் திருத்தங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் சொன்னது: புற்றுநோய் வருவது 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. பஞ்சு, வினிகர், நல்ல வெளிச்சம், நர்ஸ். ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்குக் கிடைத்த பலன் இது.

செய்தித்தாள்கள் அந்த 35 சதவீதத்தைத்தான் தலைப்பாக்கின. உண்மையில் அறிக்கையின் நடுவே கிடக்கும் இன்னொரு எண் அதைவிட முக்கியமானது. வெள்ளைத் திட்டு தெரிந்த 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோப் பரிசோதனை நடந்துவிட்டது. விட்டுப்போனவர்கள் 36 பேர்தான். நம் நாட்டில் எந்த முகாமும் இப்படி ஒரு கணக்கைக் காட்டுவது அபூர்வம். முகாமில் ரத்த அழுத்தம் பார்த்து, “கூடுதலாக இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு எத்தனை வீடுகளில் அரிசி டப்பாவுக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது என்பது கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குத் தெரியும்.

திண்டுக்கல்லில் அப்படி ஆகாததற்குக் காரணம் எளிமையானது. சந்தேகம் வந்த பெண்ணை இன்னொரு நாள் இன்னோர் ஊருக்கு வரச் சொல்லவில்லை. அதே இடத்தில், அதே வருகையில் கால்போஸ்கோப்பில் பார்த்தார்கள். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். பொருத்தமானவர்களுக்கு உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் நர்ஸுகளே அங்கேயே செய்தார்கள். பெரிய புண், முற்றிய நோய் என்றால்தான் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அப்படியும் ஓட்டை இருந்தது. புற்றின் முந்தைய நிலை உறுதியான 1,874 பெண்களில் சிகிச்சை முடித்தவர்கள் 72 சதவீதம். மீதி ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், தங்களுக்கு என்ன இருக்கிறது என்று சொல்லப்பட்ட பிறகும் சிகிச்சை பெறாமல் நின்றுவிட்டார்கள். பன்னாட்டு நிதி, தனி ஊழியர்கள், வீடு தேடிப் போகும் ஏற்பாடு எல்லாம் இருந்த ஓர் ஆய்விலேயே இதுதான் நிலை என்றால், சாதாரண அரசு முகாமில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பழனியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கம் இருக்கும் பாலசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய பேரூராட்சி. தோப்பு வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் ஒரு பெண்ணுக்கு ஒரு ஸ்கேன் என்றால் அது பெரும்பாலும் பழனிப் பயணம். ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், டாக்டரிடம் காட்ட ஒரு நாள், அவர் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போகிறது. மேலே மலைக்குள் இருக்கும் பளியர், புலையர் குடியிருப்புகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. நீண்ட காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். இங்கெல்லாம் மருத்துவம் தோற்பது, நோயைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அவ்வளவாக இல்லை. கண்டுபிடித்த பிறகு வரும் இரண்டாவது பேருந்துப் பயணத்தில்தான்.

ஆய்வு வெளிவந்த பிறகு தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அதே 2007-ல் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கமுள்ள தேனியிலும், தஞ்சாவூரிலும் இதே வினிகர் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் விரித்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, ஆஸ்பத்திரி வீட்டுக்கு வர வேண்டும் என்ற எண்ணம் அரசுத் திட்டமாகவே ஆனது. 2023-ல் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அழைப்பிதழ் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் முறையும் வந்தது.

ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையேனும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9 சதவீதம் என்பதால் நாம் முன்னணி மாநிலம். முதல் மதிப்பெண்ணே பத்துக்குக் கீழே இருக்கும் வகுப்பில் முதலிடம் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதுவும், இதனால் உயிர் பிழைக்கும் என்று உலகுக்கு நிரூபித்துக் கொடுத்ததே நம் மாவட்டத்துப் பெண்கள் எனும்போது.

நிரூபித்துக் கொடுத்தவர்களில் அந்த 92 பேரும் உண்டு. ஒப்பீட்டுத் தொகுதிகளில் இறந்தவர்கள். அவர்களைப் பற்றி மருத்துவ உலகில் கசப்பான விவாதம் நடந்திருக்கிறது. திண்டுக்கல், மும்பை, மகாராஷ்டிரத்தின் உஸ்மனாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளிலும் ஒரு பகுதிப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது நெறியா என்று அமெரிக்க நோயியல் நிபுணர் எரிக் சூபா 2014-ல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் கேள்வி எழுப்பினார். முன்தடுப்புப் பரிசோதனை பலன் தரும் என்பது மேலை நாடுகளில் பாப் ஸ்மியர் என்ற செல் பரிசோதனை மூலம் முன்பே தெரிந்த விஷயம்தானே என்பது அவர் வாதம். இந்தியாவில் அப்போது எந்தப் பரிசோதனைத் திட்டமும் இல்லை, எனவே வழக்கமான சிகிச்சை என்பதே பரிசோதனை இன்மைதான் என்பது ஆய்வாளர்களின் பதில்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் ஆய்வாளர்களின் பதில் முழு மனநிறைவு தருவதாக இல்லை. ஏழை நாட்டின் இல்லாமையையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் எந்த ஆய்வையும் நியாயப்படுத்திவிடலாம். அதே வேளையில், ஒப்பீடு இல்லாமல் முடிவு சொல்வதும் ஆபத்துதான் என்பதற்கு அந்த மூன்றில் ஒன்றே சாட்சி. உஸ்மனாபாத்தில் இதே வினிகர் பரிசோதனையை ஒரு பிரிவுக்குச் செய்தார்கள். அங்கே சாவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆய்வில், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸைத் தேடும் பரிசோதனை நடந்த பிரிவில் சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்த முடிவு 2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. ஒரே முறை, இரண்டு மாவட்டம், இரண்டு விடை. பார்வையை நம்பிய பரிசோதனை, பார்க்கிறவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஹெச்பிவி பரிசோதனையை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்பது கூச்சம் காரணமாக முகாமுக்கு வராதவர்களுக்குப் பெரிய வசதி.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உள்ளே வருகிறது. கண் தவறினால் கணினி பார்க்கட்டும் என்கிறார்கள். கோஸ்டாரிகாவில் 9,406 பெண்களிடம் எடுத்துச் சேமித்திருந்த கர்ப்பப்பை வாய்ப் படங்களைக் கணினிக்குக் கற்பித்து, அது மனிதரைவிட நன்றாகக் கணித்ததாக 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. காசநோயில் இந்த வேலை இன்னும் முன்னே போய்விட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேரை, மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் தவறவிட்டிருப்பார்கள். இருமாமலே நோயோடு இருந்தவர்கள் அவர்கள். அதனால் கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவிகள் ஊர் ஊராகப் போகின்றன. படத்தை அங்கேயே கணினி பார்த்து, சந்தேகம் உண்டா இல்லையா என்று சொல்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் ஒப்புதல் தந்தது. மலைக் கிராமத்துக்கு ரேடியாலஜிஸ்ட் வர மாட்டார், கருவி வரும். இதை வரவேற்காமல் இருக்க முடியாது.

ஆனால் தமிழ்நாட்டில் காசநோய்ச் சாவைக் குறைக்க 2022-ல் தொடங்கிய திட்டம் எதை நம்பியது என்று பாருங்கள். ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். நோய் உறுதியானவரின் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றை அன்றே பார்ப்பார்கள். மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். எடை பார்க்கும் மெஷினும், உயரம் அளக்கும் கோலும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்தான் ஆயுதம். அம்பிளிக்கையில் நடந்ததன் தொடர்ச்சி இது: கண்டுபிடித்த கையோடு அடுத்த படியையும் எடுத்துவிடுவது.

படம் மட்டும் பெருகி, அடுத்த படி யோசிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா பாடம். அங்கே மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனவர்களுக்குச் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். 1993-ல் இருந்ததைப்போல் 2011-ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு ஆனது. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் என்று சொன்னார்கள். பெரும்பாலானோருக்குத் தைராய்டு சுரப்பியை அறுத்து எடுத்தார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுதும் தொந்தரவு தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளைத்தான் அந்தப் படங்கள் தோண்டி எடுத்திருந்தன.

நம் ஊர்களிலும் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ விளம்பரங்கள் பேருந்து முதுகில் ஓடுகின்றன. வயிற்று ஸ்கேன், இதய ஸ்கேன், கழுத்து ஸ்கேன், முழு உடல் சி.டி. என்று அடுக்கிய பட்டியல்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத நாற்பது வயதுக்காரர் தன் சம்பாத்தியத்தில் நுரையீரல் சி.டி. எடுத்துக்கொள்ளும்போது, சாதாரண மார்பு எக்ஸ்ரேயைப்போல் பல பத்து மடங்கு கதிர்வீச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். கிடைக்கும் ரிப்போர்ட்டில் ‘சிறு புள்ளி தெரிகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்’ என்ற ஒரு வரி போதும், அந்த வீட்டின் தூக்கம் போவதற்கு. வசதி உள்ளவருக்குத் தேவைக்கு மேல் படம், இல்லாதவருக்குத் தேவையான படமும் இல்லை. அவருக்கு ஒருவேளை படம் கிடைத்தாலும் அதைத் தொடர்ந்து செய்ய வேண்டியது கிடைப்பதில்லை.

எனவே அரசிடம் கேட்க வேண்டியது இன்னும் சில இயந்திரங்களை மட்டும் அல்ல. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. இயந்திரங்கள் மெல்ல மெல்ல வந்துகொண்டுதான் இருக்கின்றன. வராமல் இருப்பது கணக்கு. சுகாதாரத் துறை வெளியிடும் எண்களில் எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்பதுதான் முன்னால் நிற்கிறது. எத்தனை பேருக்குச் சந்தேகம் வந்தது, அவர்களில் எத்தனை பேர் அடுத்த பரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதை வட்டாரவாரியாகப் பொதுமக்கள் பார்க்க வைக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்த இலக்கும் இதையேதான் சொல்கிறது. 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. மூன்றாவது எண் இல்லாமல் இரண்டாவதற்கு மதிப்பில்லை.

திண்டுக்கல் ஆய்வால் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று பின்தொடர முடிந்தது என்றால், அதற்கு முக்கியக் காரணம் அம்பிளிக்கையில் மாவட்டத்துக்கென்றே ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தியதுதான். அதைவிடப் பெரிய வசதிகள் இன்று அரசிடம் உள்ளன. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் கால் நூற்றாண்டுக்கு முன் பேனாவும் நோட்டுமாகச் செய்ததை, பழனி வட்டாரத்தில் சுகாதாரத் துறை இப்போது செய்ய முடியாது என்று யாரும் காரணம் சொல்ல வழியில்லை. பாலசமுத்திரத்திலும் மலைக் குடியிருப்புகளிலும் முகாம் போடும்போது, பரிசோதனையோடு கிரையோதெரபி அல்லது வெப்பச் சிகிச்சைக் கருவியும் அன்றே வண்டியில் வர வேண்டும். ஹெச்பிவி மாதிரி எடுத்துப் போனால், முடிவு சொல்ல வருபவரே சிகிச்சைக்கான தேதியையும், போய்வர வண்டியையும், அன்றைய கூலிக்கு ஈடாக ஒரு தொகையையும் கொண்டு வர வேண்டும். கருவிக்கு ஆகும் செலவில் இது சிறு பகுதி.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. 30 வயது தாண்டிய பெண்கள் வீட்டில் இருந்தால், தொந்தரவு எதுவும் இல்லை என்றாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அங்கே அது இலவசம். எந்தப் படம் எடுத்தாலும், எங்கே எடுத்தாலும், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: இதில் ஏதாவது இருந்தால் அடுத்து எங்கே, என்றைக்கு, யாரைப் பார்க்க வேண்டும்? அதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியாதவர்கள் எடுக்கும் படத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.